கப்பல் பட்டியலில் ஒரு வரி

1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறியவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். முதல் கப்பல் 'ட்ரூரோ', 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது.

அந்தக் குடும்பங்களின் நான்காம், ஐந்தாம் தலைமுறை இன்று வேர் தேடி எங்கள் வேலூர்ப் பக்கம் வருகிறது. கையில் கப்பல் பட்டியலின் ஒரே ஒரு வரி: ஒப்பந்த எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், கூடவே உடம்பில் உள்ள தழும்பு.

போன மாதம் வந்த அக்கா ஒருவர் அந்த வரியை என்னிடம் நீட்டினார். 'இடது முழங்காலில் தழும்பு' என்ற இடத்தில் விரல் நின்றது. கப்பலேறிய மூதாதையின் புகைப்படம்கூட அவர்களிடம் இல்லை. அவர் உருவத்துக்கு மிஞ்சிய சாட்சி அந்தத் தழும்பு மட்டும்தான்.

தேடுகிறவர்களுக்கு ஒன்று: பட்டியலில் 'வட ஆற்காடு' என்றிருந்தால் வேலூரோடு நிற்காதீர்கள். இன்றைய திருவண்ணாமலை, சித்தூர் மாவட்டங்களிலும் விசாரியுங்கள். குலதெய்வத்தின் பெயர் தெரிந்தால் அதைச் சொல்லியும் கேளுங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒன்று: 'கப்பலேறிப் போனவர்' என்று வீட்டில் யாரைப் பற்றியாவது பேச்சு வந்தால், பெரியவர்களிடம் விவரம் கேட்டு இன்றே எழுதி வையுங்கள். அங்கே ஒரு குடும்பம் அந்தப் பெயருக்காகத்தான் காத்திருக்கிறது.