நின் நிறம் யாது?

மூத்த பிள்ளை கெட்டிக்காரனாய் அமைந்துவிட்டால் இளையவன் பாடு திண்டாட்டந்தான். அவன் எதைச் செய்தாலும், "அண்ணனைப் போல வருமா?" என்றே ஊர்வாய் பேசும். ஜப்பானிய அனிமே உலகிலே இந்த இளைய பிள்ளையின் கதிக்கு ஆளான தொடர் ஒன்று உண்டு. 'சைக்கோ-பாஸ்' என்னும் துப்பறியுஞ் சித்திரத் தொடரின் இரண்டாம் பருவமே அது. 2012ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஃபுஜி தொலைக்காட்சியிலே தொடங்கி, 22 அத்தியாயங்களாக நடந்த முதற் பருவத்தைக் கொண்டாடியவர்களிற் பலர், 2014ஆம் ஆண்டின் இறுதியில் வந்த 11 அத்தியாயங்களை முகஞ் சுளித்துக்கொண்டே பார்த்தனர். இன்றும் அவ்வாறே பேசுகின்றனர். நாம் அக்கூட்டத்திற் சேர்ந்தவரல்லர். ஏன் சேரவில்லை என்பதைச் சொல்லப் புகுந்தால் கதையின் முடிவையுஞ் சொல்லியாக வேண்டும். அதனை விரும்பாத நேயர்கள் இந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு, தொடரைப் பார்த்தபின் திரும்பி வரலாம்.

கதை நிகழ்வது இருபத்திரண்டாம் நூற்றாண்டின் ஜப்பானிலே. அங்கே 'சிபில்' என்றொரு அமைப்பு ஆட்சி செய்கின்றது. பண்டைக் கிரேக்க, உரோமக் கதைகளிலே வருங்காலம் உரைத்த குறிகாரியின் பெயர் அது. வீதியிலே நடப்பவர் மனத்தை அது கருவிகளால் அளந்து, நிறமாகவும் எண்ணாகவும் காட்டும். தெளிந்த நிறம் நல்ல மனம். கலங்கிய நிறம் ஆபத்தான மனம். எண்ணுக்குக் 'குற்றக் குணகம்' என்று பெயர். பொலிசார் ஏந்தும் 'டொமினேற்றர்' என்னுந் துப்பாக்கி, எதிரே நிற்பவனின் குணகத்தைத் தானே பார்த்துச் சொல்லும். 100க்குக் கீழே இருந்தால் விசை பூட்டிக் கொள்ளும். 100 முதல் 299 வரையாயின் ஆளை மயக்கி வீழ்த்தும். 300 ஆகிவிட்டாலோ உயிரைக் குடிக்கும். ஒருவன் குற்றம் செய்தானா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. செய்யக்கூடியவனா என்பதே கேள்வி. வழக்கறிஞர் இல்லை, சாட்சிக் கூண்டும் இல்லை.

முதற் பருவத்தை எழுதியவர் உரோபுச்சி கென். எத்தனை கொலை செய்தாலும் நிறங் கலங்காத மகிஷிமா ஷோகோ என்பவனை எதிரியாக நிறுத்தி, சிபிலின் இரகசியத்தையும் அவர் உடைத்துவிட்டார். நீதி வழங்கும் அந்த மகா யந்திரம் உண்மையில் யந்திரமே அன்று. அளவுகோலுக்கு அகப்படாத மனிதர்களின் மூளைகளை எடுத்து ஒன்றாய்ப் பிணைத்து வைத்த கூட்டம். இதனை அறிந்தும் வெளியிடாது, சட்டம் ஒன்று வேண்டுமே என்பதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு பணியிலே தொடர்கின்றாள் சுனெமோரி அகானே என்னும் இளம் பொலிஸ் அதிகாரி. அந்தப் பருவம் அவ்வளவில் நிறைவுற்றது.

இரண்டாம் பருவத்திலே கைகள் மாறின. 2015ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த திரைப்படத்தின் எழுத்திலே உரோபுச்சி ஈடுபட, தொடரின் கதையமைப்பை உபுகாட்டா தோ ஏற்றார். சித்திரப் பணி தட்சுனோக்கோ நிறுவனத்துக்குப் போயிற்று. 1972ஆம் ஆண்டிலே 'கச்சமான்' என்னும் பறவைப்படை வீரர் கதையை ஆக்கிய பழம்பெரும் கூடம் அது. குறைகள் இல்லையென நாம் சாதிக்கவில்லை. 22 அத்தியாயங்களில் ஆற அமரச் சொல்ல வேண்டிய கதையை 11இல் அடைத்ததனால் மூச்சிரைக்கின்றது. இரத்தமும் தேவைக்கு மிஞ்சியே சிந்துகின்றது. சிறு பிள்ளைகளை அருகே இருத்திக்கொண்டு பார்க்கத் தக்கதன்று. ஆயினும் அது கேட்கின்ற கேள்வி, அண்ணன் கேட்ட கேள்வியிலும் பெரிது.

அக்கேள்வியைத் தாங்கி வருபவன் கமுயி கிரித்தோ. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற விமானம் ஒன்று விழுந்து நொறுங்க, அதிலே தப்பிய ஒரே சிறுவன். மாண்டுபோன 184 பிள்ளைகளின் உறுப்புகளைக் கொண்டு வைத்தியர்கள் அவனை ஒட்டிப் பிழைக்க வைத்தனர். விளைவு யாதெனின், சிபிலின் கண்ணுக்கு அவன் ஒரு மனிதனாகவே தெரியவில்லை. அவன் பலர், பலரை ஒருவராக அளக்க அதற்கு வழி இல்லை. ஆகவே அவன் துப்பாக்கிக்கு முன்னே நின்றாலும் அது வெற்றிடத்தையே காண்கின்றது. குற்றம் நடந்த இடத்துச் சுவரிலே 'உன் நிறம் என்ன?' என்று பொருள்படும் இரண்டு எழுத்துக்கள் எழுதப்பட்டிருக்கின்றன. அக்கேள்வி அகானேயைக் குறித்ததா, சிபிலைக் குறித்ததா என்பது போகப் போகவே விளங்குகின்றது.

இத்தொடரிலே எம்மை உறங்கவிடாத காட்சிகள் இரண்டு. மனநல நிலையம் ஒன்றிலே பிணைக்கைதிகளாய் அகப்பட்டோர் நடுங்குகின்றனர். அச்சம் மிக மிக அவர்களின் குணகமும் ஏறுகின்றது. மீட்க வந்த பொலிசாரின் துப்பாக்கி, கைதிகளையே குற்றவாளிகளாகக் கண்டு உயிரைப் பறிக்கின்றது. பயந்ததே அவர்கள் செய்த பாவம்! சுட்டவர்களைக் கொடியவர் என்று சொல்லவும் முடியவில்லை. எண் சொன்னது, விரல் அசைந்தது, அவ்வளவே. மற்றையது கையடக்கக் கருவியிலே பொழுதுபோக்காய் ஆடப்படும் ஒரு விளையாட்டு. வேடிக்கைப் பறவைகளைச் சுடுவதாய் எண்ணி ஊரெல்லாம் அதனை ஆடுகின்றது. உண்மையிலோ ஒவ்வொரு தட்டலும், வேறோர் இடத்திலே ஆளில்லா ஆயுத யந்திரங்களை இயக்கி மனிதரைக் கொன்று கொண்டிருக்கின்றது. விடயம் வெளிப்பட்டதும் ஆடியவர்களின் நிறங்கள் கலங்கத் தொடங்குகின்றன. அறியாது செய்தவர் அறிந்தபின் குற்றவாளியாகும் விசித்திரத்தை, இவ்வளவு சுருக்கமாக வேறெங்கும் நாம் கண்டதில்லை.

இத்தொடரை எமக்கு அறிமுகஞ் செய்தவள் பல்கலைக்கழகத்திலே பயிலும் எம் தமக்கையின் மகள். ஷிமொட்சுகி மிக்கா என்ற இளம் அதிகாரி திரையிலே தோன்றும் போதெல்லாம் அவளுக்கு ஆத்திரம் பொங்கும். "மாமா, இவளைக் கதையிலே எதற்குச் சேர்த்தார்களோ!" என்பாள். பார்த்தவர்களிற் பலருடைய கருத்தும் அதுவே. மிக்கா முதற் பருவத்திலே கொலையுண்ட ஒரு மாணவியின் தோழியாய் வந்தவள். சிநேகிதியை இழந்த அந்தப் பிள்ளை, வளர்ந்து பொலிசிலே சேர்ந்து, சிபில் சொல்வதெல்லாம் வேதமென நம்புகின்றாள். பிறகு ஒருநாள் அதன் இரகசியம் அவளுக்கும் காட்டப்படுகின்றது. அகானே அதே உண்மையைக் கண்டு எதிர்த்துப் பேசினாள். மிக்காவோ அஞ்சி, எல்லாம் அற்புதம் என்று தொழுதுவிடுகின்றாள். அகானேயின் நிறத்தைக் கலக்கியே தீருவேனென்று அலையும் தோகானே சக்குயா, அவளுடைய பாட்டியாரைக் கொல்கின்றான். அந்தக் கொலைக்கு வழி திறந்ததில் மிக்காவுக்கும் பங்குண்டு. வெறுக்கத்தக்கவளே. எனினும் அகானேயைப் போன்றவர் ஆயிரத்தில் ஒருவர். மிக்காவைப் போன்றவரோ எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அடுத்த மேசையில் இருப்பர். இவளை எழுதியவருக்கு மனிதரைத் தெரியும் என்றே மருமகளிடஞ் சொன்னோம். அவள் ஒப்பவில்லை.

இனி அந்தப் பெரிய கேள்விக்கு வருவோம். பலராய் இருப்பதனால் கமுயியை அளக்க இயலாதென்றால், பல மூளைகளின் கூட்டமாகிய சிபிலை அளப்பது எங்ஙனம்? அவனை அளக்கக் கற்றுக்கொண்டால், அதே கோல் தன்மேலும் விழும் என்பது சிபிலுக்குத் தெரியும். அதனாலேயே அவன் இருப்பதையே அது காணாதிருந்தது. ஊருக்கெல்லாம் நீதி சொல்பவன் தன் வீட்டு வாசலில் மணி ஒலித்தால் என்ன செய்வான்? மனுநீதிச் சோழன் தேரை மகன்மேலே செலுத்தினான் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். சிபில் செய்தது வேறு. டொமினேற்றர் தன்னை நோக்கித் திரும்பியதும், தன்னுள்ளே குணகத்தை உயர்த்துகின்ற மூளைகள் எவையெனத் தேடி, அவற்றைக் களைந்து எறிந்துவிட்டது. எண் இறங்கிற்று. தூய்மையாகிவிட்டேன் என்று அறிவித்து, புதிதாய்க் கற்ற அளவையைக் கொண்டே கமுயிக்கு மரணத் தீர்ப்பும் வழங்கிற்று. இதனை நீதியின் வெற்றி என்பதா, சாமர்த்தியத்தின் வெற்றி என்பதா? நாம் இரண்டாவதையே சொல்வோம். தன் பங்காளிகளை ஒரு நொடியிலே கைகழுவி வெள்ளைச் சட்டை உடுத்துக்கொள்வது அதிகாரத்துக்கு என்றுமே கடினமாய் இருந்ததில்லை.

அதனிலும் அஞ்சத்தக்கது பின்னே நிற்கின்றது. ஒரு கூட்டத்துக்கு ஒரே நிறம் உண்டு என்று ஒருமுறை ஏற்றுவிட்டால், தனித்தனியே தெளிந்த மனமுடையோரும், தாம் சேர்ந்திருக்கும் கூட்டத்தின் பெயரால் அந்தத் துப்பாக்கி முனையிலே நிறுத்தப்படலாம். நீ யார் என்று கேட்பதை விட்டு, நீ யாரைச் சேர்ந்தவன் என்று கேட்கும் நாள் அது. கமுயி வேண்டியது அக்கிரமக்காரரைத் தண்டிக்கும் கோலை. அவன் விட்டுச் சென்றதோ எவர்மேலும் வீழக்கூடிய கோலை. அகானே இதனை உணர்ந்தே நிற்கின்றாள். பாட்டியாரைக் கொன்றவனை எதிரே வைத்துக்கொண்டும் அவள் பழிக்குப் பழி வாங்கவில்லை. அவளது நிறமும் கலங்கவில்லை. அது மனவுறுதியா, அன்றி ஏதோ ஒன்று அவளுக்குள்ளே மரத்துப் போயிற்றா என்பதைத் தொடர் சொல்லாமலே விட்டுவிடுகின்றது. மரத்துப் போகவில்லை என்பது எமது கட்சி.

2019ஆம் ஆண்டிலே மூன்றாம் பருவம் வந்தபோது மிக்கா பிரிவுத் தலைவியாகியிருந்தாள். அகானேயோ காவலிலே இருந்தாள். அவள் ஏன் அங்கே போனாள் என்பதை 2023ஆம் ஆண்டுத் திரைப்படம் விளக்கிற்று. சிபில் இருக்கையிலே சட்டம் எதற்கு என்று சட்டத்தையே ஒழிக்க மேலிடத்தார் முற்பட்டனர். அப்போது அகானே, சிபிலின் முகமாக விளங்கிய பணியகத் தலைவியைப் பலர் பார்க்க நின்று சுட்டாள். அவளை அளந்து பார்த்தனர். நிறம் தெளிவாகவே இருந்தது. சிபிலின் கோலுக்கு அவளிடம் குற்றமே இல்லை. ஆகவே அவளைக் கூண்டிலே ஏற்றுவதற்கு, ஒழிக்க நினைத்த அந்தப் பழைய சட்டத்தையே அவர்கள் தேடிப்போக வேண்டியதாயிற்று.