சும்மா இருக்கிற முகம்

"ஏன் உம்முன்னு இருக்க?"

இந்தக் கேள்வி ஒருமுறையாவது உங்களை நோக்கி வந்திருக்கிறதா? அப்போ இது உங்களுக்குத்தான். கோபம் இல்லை, சோகம் இல்லை, பசியும் இல்லை. முகம் சும்மா இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தச் 'சும்மா'வை எதிரில் இருப்பவர்கள் சும்மா விடுவதில்லை.

காலேஜில் இது பெரிய பிரச்சினை இல்லை. நாலு வருஷம் கூடவே இருக்கிறவர்களுக்கு நம்ம முகம் பழகிடும். ஆபீஸ் அப்படி இல்லைங்க. அங்கே நம்மைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. இருக்கிற ஒரே தகவல் முகம்தான்.

போன கோடை விடுமுறையில் ஒரு கம்பெனியில் இரண்டு மாதம் இன்டர்ன்ஷிப் செய்தேன். பாதியில் ஒரு ரிவ்யூ. "வேலை நல்லா பண்றீங்கம்மா. ஆனா சிலருக்கு உங்ககிட்ட வந்து பேசவே தயக்கமா இருக்காம். கொஞ்சம் சிரிச்ச முகமா இருங்களேன்" என்றார் மேனேஜர். என் பக்கத்து சீட்டில் என் கிளாஸ் பையன் ஒருவன். எரர் லாக் படிக்கும்போது அவன் முகமும் அச்சு அசலாக என் முகம் மாதிரியேதான் இருக்கும். அவனுக்கு வந்த ஃபீட்பேக்: "நல்ல ஃபோகஸ்." அந்த ரிவ்யூவை வைத்துத்தான் வேலை தருவதா இல்லையா என்று முடிவாகும். அதனால் சிரித்துவிட்டுப் போக முடியவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. என் முகம் அப்பாவிடமிருந்து வந்தது. ஊரில் அவரை 'கறாரான ஆளு' என்பார்கள். அதே முகம் எனக்கு வந்ததும் அதற்குப் பெயர் 'திமிர்'.

எல்லோரும் வேண்டுமென்றே இப்படிப் பார்க்கிறார்களா? இல்லை. சினிமா படிப்பவர்களுக்கு ரஷ்ய இயக்குநர் லெவ் குலஷோவைத் தெரிந்திருக்கும். சுமார் நூறு வருஷத்துக்கு முன், மோஸ்ஜுகின் என்ற நடிகரின் எந்த உணர்ச்சியும் இல்லாத ஒரே முகத்தை, ஒரு கிண்ணம் சூப், சவப்பெட்டி, விளையாடும் குழந்தை ஆகிய காட்சிகளோடு தனித்தனியாக ஒட்டிக் காட்டினார்கள். பார்த்தவர்கள் யோசனை, துக்கம், மகிழ்ச்சி என்று மூன்று விதமாக அந்த முகத்தில் படித்து, நடிப்பைப் பாராட்டினார்களாம். அவருடன் வேலை செய்த புடோவ்கின் எழுதி வைத்த விவரம் இது. முகம் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தவர்கள்தான் நிரப்பிக்கொண்டார்கள்.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் டொடோரோவ் குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு முகத்தைப் பார்த்து 'இவர் நம்பத்தக்கவரா' என்று தீர்மானிக்க 0.1 நொடி போதும். கூடுதல் நேரம் கொடுத்தால் தீர்ப்பு பெரிதாக மாறுவதில்லை, தீர்ப்பின் மீதான தன்னம்பிக்கைதான் ஏறுகிறது. 2009-ல் வந்த அடுத்த ஆய்வு இன்னும் சுவாரஸ்யம். சிலருடைய சாதாரண முகத்தின் அமைப்பே லேசாகக் கோபத்தின் சாயலில் இருக்கும். சிலருடையது லேசாகச் சிரிப்பது போல இருக்கும். அந்தச் சாயலை நாம் குணம் என்று எடுத்துக்கொள்கிறோம். அதாவது புருவம் கொஞ்சம் தாழ்ந்து பிறந்தால், நீங்கள் சிடுமூஞ்சி.

சரி, இது பெண்களின் முகத்தில்தான் அதிகமா? 2015-ல் 'ஃபேஸ்ரீடர்' என்ற மென்பொருளை வைத்துப் பார்த்தபோது, இந்த 'உம்' முகம் ஆண், பெண் இருவரிடமும் ஒரே அளவில்தான் இருந்தது. ஆக, வித்தியாசம் முகத்தில் இல்லை, எதிர்பார்ப்பில் இருக்கிறது. புன்னகையும் வேலையின் ஒரு பகுதிதான் என்பதை ஆர்லி ஹோக்‌ஷில்ட் 1983-லேயே விமானப் பணிப்பெண்களை வைத்து எழுதினார். அவர்களுக்காவது அது வேலை விவரத்திலேயே இருந்தது. கோட் எழுதுகிறவளுக்கு எங்கே இருக்கிறது?

மறுநாள் நானே மேனேஜரிடம் போய்க் கேட்டேன். "யாராவது என்கிட்ட சந்தேகம் கேட்டு நான் சொல்லாம விட்டிருக்கேனா சார்?" யோசித்தார். "அப்படி எதுவும் இல்லம்மா." "யோசிக்கும்போது என் முகம் இப்படித்தான் சார் இருக்கும்" என்றேன். அந்த வாரத்திலிருந்து இரண்டு பேர் வந்து சந்தேகம் கேட்க ஆரம்பித்தார்கள். கடைசியில் ஆஃபரும் வந்தது. ஆனால் ரிவ்யூ ஷீட்டில் 'எளிதில் அணுக முடியாதவர்' என்ற வரி அப்படியே இருந்தது.

பிளேஸ்மென்ட் நேரம் இது. கண்ணாடி முன் நின்று சிரித்துப் பழகச் சொல்லி நிறைய பேர் அட்வைஸ் தருவார்கள். பழகுவதில் தப்பில்லை, இன்டர்வியூவில் வணக்கம் சொல்லும்போது சிரிப்பது மரியாதைதான். ஆனால் எட்டு மணி நேரமும் முகத்தைப் பிடித்துக்கொண்டு எவராலும் டீபக் பண்ண முடியாது. அதைவிட வாயைப் பயன்படுத்துங்கள். "நல்ல ஐடியா", "யோசிச்சிட்டு சொல்றேன்", "கேட்டுட்டுதான் இருக்கேன்" என்ற இரண்டு வார்த்தை, முகம் விட்ட இடத்தை நிரப்பிவிடும். நாம் நிரப்பாவிட்டால் அவர்கள் நிரப்பிக்கொள்வார்கள்.

இன்னும் நாலைந்து வருஷத்தில் நம்மில் பலர் டீம் லீட் ஆகியிருப்போம். புதிதாக வந்த ஒரு பொண்ணு மூலையில் உம்மென்று உட்கார்ந்திருப்பாள். அவளைப் பற்றி ரிவ்யூவில் ஒரு வரி எழுதும் முன், பக்கத்தில் போய் "என்னம்மா, எங்கே மாட்டியிருக்கு?" என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு செமிகோலனாகத்தான் இருக்கும்.