வேட்டைப் பாடம்

மனிதன் தன் பிள்ளைகளுக்குக் கற்பித்த தொழில்களுள் வேட்டை மிகப் பழையது. ஏரும் தறியும் தோன்றுமுன்னரே பாட்டன் பேரனைக் காட்டுக்குள் அழைத்துச் சென்றிருக்கிறான். ஏடும் எழுத்தும் இல்லாத அந்தக் கல்விக்கு இன்று தேவை பெரும்பாலும் அற்றுவிட்டது. ஆயினும் அதன்மீதுள்ள ஆசை அற்றுவிடவில்லை. காட்டோரத்து ஊர்களிலே வேட்டைக் கதை கேளாமல் வளரும் பிள்ளை அரிது. அக்கதையில் எதைச் சொல்வது, எதை விடுவது என்னும் வினா ஒவ்வொரு தலைமுறையின் முன்னும் வந்து நிற்கின்றது. சாகாமத்து வயல்வெளியில், ஒரு மாசி மாத இரவில், அது ஒரு முதியவரின் முன் வந்து நின்றது.

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்திலே கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என முஸ்லிம் ஊர்களும், காரைதீவு, தம்பிலுவில், திருக்கோவில் எனத் தமிழ் ஊர்களும் கைகோத்து நிற்கின்றன. இம்மக்களுக்குக் கடலை அண்டி வீடு. காட்டை அண்டி வயல். சாகாமம் அவ்வாறு காட்டை அண்டிய இடங்களுள் ஒன்று. அங்கே பழைய குளமொன்று உண்டு. குளத்து நீரை நம்பிய வட்டைகள் உண்டு. பெரும்போக நெல் பொன்னிறம் கொள்ளும் காலத்தில் அந்த வட்டைகளைத் தேடி யானையும் வரும், பன்றியும் வரும். அறுவடைக்கு முந்திய இரவுகளிலே உறங்கும் வேளாண்மைக்காரன் அங்கு இல்லை.

அந்த முதியவர் அக்கரைப்பற்றைச் சேர்ந்தவர். எழுபது வயதைக் கடந்தவர். இளமையிலே ஊரறிந்த வெடிக்காரர். மானும் மரையும் அவர் குறிக்குத் தப்பியதில்லை என்பார்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, அவர் யானைக்கு வெடி வைத்தவர். அந்த ஒரு செய்தியே அவருக்கு ஊரிலே ஒரு பட்டத்தை வாங்கிக் கொடுத்திருந்தது. குடும்பத்திலே அது கதையாகி, கதை வளர்ந்து, ஒரே வெடியில் யானை மலைபோலச் சாய்ந்தது என்னும் அளவுக்கு வந்துவிட்டது. முதியவர் அக்கதையைத் தாமாகச் சொன்னதில்லை. பிறர் சொல்லும்போது மறுத்ததுமில்லை.

அவருடைய மகன் கல்முனையில் மணம் முடித்து, கிழக்கின் வழக்கப்படி மனைவி வீட்டிலே குடியமர்ந்தவன். அவனுடைய பிள்ளைக்குப் பத்து வயது. பட்டினத்திலே வளர்ந்த அப்பிள்ளை அதுவரை கண்ட காட்டு யானைகள், ஒலுவிலுக்கு மேற்கே பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பொலித்தீன் பைகளோடு எச்சில் உணவைத் தின்றுகொண்டிருந்தவை மட்டுமே. அவற்றைக் கண்டு அவனுக்கு அச்சமும் பிறக்கவில்லை; மதிப்பும் பிறக்கவில்லை. “என்ட மூத்தாப்பா ஆனையச் சுட்டவர்” என்று பாடசாலையிலே பெருமை பேசி வந்தவன், அந்த மாசியில் வார விடுமுறைக்கு அக்கரைப்பற்றுக்கு வந்து, தன்னையும் வேட்டைக்குக் கூட்டிப் போகவேண்டும் என்று அடம்பிடித்தான். “வேட்டை இப்ப இல்ல மனே, காவலுக்குப் போவம்” என்று சொல்லி, மூத்தாப்பா அவனைச் சாகாமத்துக்கு அழைத்துச் சென்றார்.

பெருவிலங்கு வேட்டை என்றவுடன் ஆங்கிலேயத் துரைமாரே பலருக்கு நினைவுக்கு வருவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலே, மேஜர் தோமஸ் றொஜர்ஸ் என்பவர் ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றார் என்பது இலங்கை வரலாற்றிலே பதிவான செய்தி. 1845-இல் அப்புத்தளையிலே இடி விழுந்து அவர் மாண்டார். அவரை அடுத்து வந்த சாமுவேல் பேக்கர் கிழக்கின் காடுகளிலும் வேட்டையாடி, அந்த அனுபவங்களை 1854-இல் நூலாக வெளியிட்டார். யானையைக் கொல்வோருக்கு அரசு அக்காலத்திலே பரிசுப் பணமும் கொடுத்தது. 1848-க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்கும் குறைந்த காலத்துள், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட யானைகள் இவ்வாறு கொல்லப்பட்டன என எமர்சன் ரெனன்ற் எழுதியிருக்கிறார்.

இத்தீவின் முஸ்லிம்களிடையே வேறொரு மரபு இருந்தது. அது பணிக்கர் மரபு. ஏறாவூரும் மன்னார்ப் பகுதியின் முசலியும் அதற்குப் பெயர் பெற்றவை. பணிக்கர்கள் யானையைக் கொல்லாமல் உயிரோடு பிடித்தார்கள். துவக்கு இல்லாமல், மான் தோலாலோ எருமைத் தோலாலோ திரித்த கயிற்றோடு காலடிச் சுவட்டைப் பின்தொடர்ந்து சென்று, யானையின் பின்னங்காலிலே சுருக்கிட்டு, கயிற்றின் மறுமுனையை மரத்திலே கட்டிவிடுவார்கள். ஒரு நொடி பிசகினால் உயிர் போகும் வேலை அது. பிடிபட்ட யானைக்கு அதுவும் கொடுமையே; அதன் காடு அன்றோடு முடிந்துவிடும். ஆனால் பணிக்கனிடத்திலே ஓர் அறிவு இருந்தது. யானையைக் காணுமுன்னரே அவன் அதன் சுவட்டைப் படித்தான். உயரம் என்ன, தனியனா கூட்டமா, எப்போது போயிற்று, எந்த நிலையிலே போயிற்று என்பவற்றை மண்ணே அவனுக்குச் சொல்லிற்று. முதியவரின் மூத்தாப்பா அத்தகைய பணிக்கர்களோடு காடு திரிந்தவர். முதியவருக்கு முதலிலே கிடைத்த கல்வியும் துவக்கு அன்று, சுவடுதான்.

அன்றிரவு இருவரும் காவற் பரணிலே அமர்ந்திருந்தார்கள். காட்டிலே யானையின் பெயரை உரத்துச் சொல்லக்கூடாது என்பதும், காற்று எங்கிருந்து வருகின்றது என்பதை ஓயாமல் கவனிக்கவேண்டும் என்பதும் பிள்ளைக்குச் சொல்லப்பட்டன. நள்ளிரவுக்குப் பின், குளக்கட்டின் பக்கமாகக் கிளை முறியும் ஓசை கேட்டது. சிறிது நேரத்தில் இருளின் ஒரு பகுதி இருளிலிருந்து பிரிந்து வயலுக்குள் இறங்கிற்று. அது தனியன். கதிர்களை வாரி முழங்காலிலே தட்டி மண்ணை உதிர்த்துத் தின்னத் தொடங்கியது.

அயல் வயற்காரர் பரணுக்கு ஓடி வந்தார். அவர் கையிலே அனுமதிப் பத்திரம் பெற்ற துவக்கு ஒன்று இருந்தது. அதிலே பன்றிக்கென்று போட்ட எஸ்.ஜி. தோட்டா. அடுத்த நாளிலே அறுக்கவிருந்த வயல் அவருடையது. கடனும் அவருடையது. “காக்கா, உங்கட கையால ஒண்டு வைங்க” என்று துவக்கை முதியவரிடம் நீட்டினார். பேரனின் கண்கள் மூத்தாப்பாவின் முகத்திலே நிலைத்தன. அவன் கேட்டு வளர்ந்த கதை முழுவதும் அந்த நொடியிலே வந்து நின்றது.

முதியவர் துவக்கை வாங்கினார், தோட்டாவைக் கழற்றினார், இரண்டையும் பரணின் பலகைமேல் வைத்தார். “வெடிலக் கொளுத்துங்க” என்றார். யானை வெடி முழங்கிற்று. டோர்ச் வெளிச்சமும் கூக்குரலும் எழுந்தன. யானை அவசரப்படாமல் திரும்பிற்று. போகும்போது வரம்பையும் இரண்டு பாத்திகளையும் மிதித்து அழித்துவிட்டே போயிற்று. அயல்காரர் ஒன்றும் பேசாமல் துவக்கை எடுத்துக்கொண்டு சென்றார். அவருடைய மௌனத்திலே நியாயம் இருந்தது. அழிந்த நெல்லுக்கு முதியவரின் நிதானம் விலை கொடுக்காது.

“மூத்தாப்பா, ஏன் நீங்க வெடி வெக்கல்ல?” என்று பிள்ளை கேட்டான். அவனுடைய குரலிலே அழுகை இருந்தது. “விடியட்டும் மனே” என்பதே விடையாயிற்று.

விடிந்ததும் முதியவர் அவனைக் குளத்தோரச் சேற்றுக்கு அழைத்துச் சென்றார். முன்னங்காற் சுவடொன்றைக் காட்டி, வாடியிலிருந்து கொண்டுவந்த கயிற்றை அதன் விளிம்பைச் சுற்றி வைக்கச் சொன்னார். கயிறு நாலரை அடி வந்தது. “ரெண்டு சுத்து எவ்வளவோ, அவ்வளவுதான் ஆள்ர உசரம்” என்றார். பிள்ளை கணக்கிட்டான்: ஒன்பது அடி. இருளிலே கண்ட உருவத்துக்கு இப்போது ஓர் அளவு கிடைத்துவிட்டது. “இன்னும் பாரு” என்றார் முதியவர். பிள்ளை நெடுநேரம் பார்த்தான். மூன்று காலடிகள் சேற்றிலே ஆழப் பதிந்திருந்தன. இடது முன்னங்காலின் அடி மட்டும் மேலோட்டமாகப் பதிந்து, நுனியிலே இழுபட்டுக் கிடந்தது. “இவருக்கு ஒரு கால் ஏலாது” என்று அவனாகவே சொன்னான்.

“ஓம். ஆரோ வெடி வெச்சிரிக்காங்க. பின்னால போகல்ல.”

அதன் பின்னரே முதியவர் தம் கதையைச் சொன்னார். 1970-களின் பிற்பகுதி, அவருக்கு இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத காலம். அதே வட்டைப் பக்கம், இதே போன்ற ஓர் இரவு, அதே எஸ்.ஜி. தோட்டா. யானை சாயவில்லை. பிளிறிக்கொண்டு காட்டுக்குள் ஓடிற்று. காலையிலே இரத்தத் துளிகளைப் பார்த்துப் பார்த்துக் கொஞ்சத் தூரம் போனார். காடு அடர்ந்த இடத்திலே அச்சம் பிடித்தது; திரும்பிவிட்டார். ஊர் அவரைத் தோளிலே தூக்கிற்று. அந்த யானை எத்தனை நாள் உயிரோடு இருந்தது, எங்கே விழுந்தது என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. பறவைக்கும் பன்றிக்கும் செய்த தோட்டா யானையை வீழ்த்தாது. புண்ணாக்கி அழுகவைத்து, நடக்கவிட்டுக் கொல்லும். மான் சுட்டால் ‘பிஸ்மில்லாஹ்’ சொல்லிச் சுட்டு, ஓடிப்போய் உயிர் பிரியுமுன் அறுக்கவேண்டும் என்று கற்றவர் அவர். உண்ண ஆகாத ஒரு விலங்கினிடத்திலே அந்தக் கடமை இல்லை என்று தாம் எண்ணிக்கொண்டதுதான் தம் பிழை என்றார். “வெடி வெச்சாப் பின்னால போகணும். போக ஏலாட்டி வெக்கப்படாது. உங்கட மூத்தாப்பா போகல்ல, மனே. சனம் சொல்ற கத சரியில்ல.”

படைச்செருக்கைப் பாட வந்த வள்ளுவர், முயலை வீழ்த்திய அம்பினும் யானைக்குக் குறிவைத்துத் தவறிய வேலே ஏந்துவதற்கு இனிது என்றார். வீரனின் பெருமையை அளக்க அது நல்ல அளவுகோல். ஆயின் பிழைத்த வேலுக்கும் கொன்ற வேலுக்கும் இடையே, காயப்படுத்திவிட்டு மறந்துபோன வேல் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. அது எந்தப் பாட்டிலும் இடம்பெறுவதில்லை. குடும்பக் கதைகளிலும் இடம்பெறுவதில்லை.

இலங்கையிலே வனவிலங்குகளைக் காக்கும் கட்டளைச் சட்டம் 1937-இலேயே வந்துவிட்டது. கல்லோயாத் திட்டம் காட்டை வயலாக்கிய பின், 1954-இல் கல்லோயா தேசியப் பூங்காவும், 1980-இல் இலாகுகலைப் பூங்காவும் அமைந்தன. 2011-இன் கணக்கெடுப்பு நாட்டில் 5,879 யானைகள் இருப்பதாகக் கூறிற்று. எனினும் 2023-ஆம் ஆண்டில் மட்டும் நானூறுக்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன. யானைகளால் இறந்த மனிதரும் நூற்றைம்பதுக்கு மேல். பழத்துக்குள் வெடிமருந்தை ஒளித்து, கடிக்கும் யானையின் தாடையைச் சிதைக்கும் ‘ஹக்க பட்டாஸ்’ இக்காலத்துக் கொடுமை. வாய் சிதைந்த யானை உண்ணவும் குடிக்கவும் இயலாமல் நாட்கணக்கில் அலைந்து சாகின்றது. அதை வைத்தவன் அங்கே இருப்பதில்லை. பின்தொடர்ந்து போகாத வேட்டையின் முற்றிய வடிவம் அதுவே. பேக்கர் தம் வேட்டையை நூலாக எழுதினார். ஹக்க பட்டாஸ் வைத்தவன் தன் மனைவிக்குக்கூடச் சொல்வதில்லை.

பேரனுக்கு வேட்டையைக் காட்டுவது தகுமா என்று கேட்போர் உண்டு. காட்டோரத்திலே வாழ்பவன் அதை மறைக்க முடியாது. பிள்ளை எப்படியும் கதையைக் கேட்பான். எப்படியும் ஒரு நாள் துவக்கைத் தொட்டுப் பார்ப்பான். ஆகவே காட்டுவதாயின் முழுவதையும் காட்டவேண்டும். வெடியோசையையும் புகழையும் மட்டும் கொடுத்து, இரத்தத் துளிகள் போன வழியையும் அச்சத்திலே திரும்பிய காலையும் மறைத்துவிட்டால், அது கல்வியன்று. தம் பெயரைத் தாமே குறைத்துக்கொள்ளும் துணிவு இருக்கும் மூத்தவருக்கே அதைக் கற்பிக்கும் தகுதி உண்டு. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காத்துவந்த பட்டத்தை அந்த முதியவர் சாகாமத்துச் சேற்றிலே இறக்கிவைத்தார். அது அவருக்கு எளிதாக இருந்திருக்காது.

அழிந்த வரம்பை அன்று காலை முதியவரும் பேரனும் அயல்காரரோடு சேர்ந்து கட்டினார்கள். அயல்காரர் தேநீர் கொடுத்தார்; இரவைப்பற்றிப் பேச்சு எடுக்கவில்லை.

கல்முனைக்குத் திரும்பிய பிள்ளையைச் சுற்றி அவனுடைய கூட்டாளிகள் கூடினார்கள். மூத்தாப்பா எதைச் சுட்டார் என்று கேட்டார்கள். பிள்ளை காற்சட்டைப் பையிலிருந்து முடிச்சிட்ட கயிற்றுத் துண்டொன்றை எடுத்து, சுவரோரத்திலே இரண்டு முறை ஒன்றன்மேல் ஒன்றாக அளந்து, கதிரையிலே ஏறிக் கரித்துண்டால் ஒரு கோடு கிழித்தான். “இவ்வளவு உசரம்” என்றான். பிறகு, அவர்கள் கேளாமலே, “ஒரு கால் ஏலாது” என்றான்.