பூட்டிய பாடசாலையின் திறவுகோல் யாரிடம்?

ஒரு பாடசாலையைக் கட்டி எழுப்ப ஒரு தலைமுறையின் உழைப்பு வேண்டும். அதை மூடுவதற்கு ஒரு கடிதம் போதும். மாணவர் தொகை குறைந்துவிட்டது என்று காரணம் சொல்லப்படும். எஞ்சியிருக்கும் பிள்ளைகள் அயற்பாடசாலையில் சேர்க்கப்படுவர். ஆசிரியருக்கு இடமாற்றம் வரும். கதிரைகளும் மேசைகளும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிப் போய்விடும். கதவிலே ஒரு பூட்டுத் தொங்கும். அதன் பின்னர் அக்கட்டடத்தைப் பற்றி எந்தப் பணிமனையும் வாய் திறப்பதில்லை; நாளடைவில் ஊரும் அதைப் பற்றிப் பேச மறந்துவிடுகிறது. அந்தப் பூட்டைப் பற்றித்தான் நாம் இங்கே பேச விரும்புகிறோம்.

வவுனியாவிலிருந்து மன்னார் நோக்கிச் செல்லும் வீதியில் இருக்கிறது பூவரசங்குளம். பெயரிலேயே ஒரு மரத்தையும் ஒரு குளத்தையும் வைத்திருக்கும் ஊர். வன்னியின் ஊர்ப்பெயர்களில் எத்தனையோ குளத்தில் முடிவன. குளம் இருந்தால்தான் வயல். வயல் இருந்தால்தான் ஊர். மாரியில் குளம் உடைப்பெடுத்தால், அது அரசாங்கத்தின் குளம், பொறியியலாளர் வரட்டும் என்று எவரும் கைகட்டி நிற்பதில்லை. மண்வெட்டியோடும் மண்மூட்டையோடும் ஊர் முழுவதும் அணைக்கட்டில் ஏறும். ஏனென்றால் ஏட்டில் அது யாருடைய சொத்தாக இருந்தாலும், அதன் நீரில் வாழ்வது அவ்வூர்தான். பாடசாலையும் அத்தகைய ஒரு குளமே அல்லவா? அது வற்றும்போது மட்டும் நாம் ஏன் அணைக்கட்டில் ஏறுவதில்லை?

1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, ஏழை உழவனின் பிள்ளைக்கும் பல்கலைக்கழகத்தின் வாசலைக் காட்டியது. கன்னங்கராவின் பெயரோடு நாம் நன்றியுடன் நினைக்கும் அந்த மாறுதல் சட்டப் புத்தகத்திலிருந்து வன்னிக் காட்டுக்குள் தானாக நடந்து வந்துவிடவில்லை. கிடுகு வேய்ந்த கொட்டிலைப் போட்டவர்களும், கிணறு வெட்டியவர்களும், ஆசிரியருக்குத் தங்க இடங்கொடுத்தவர்களும் ஊர்மக்களே. 1970களின் தோட்டப் பஞ்சமும் 1977 ஆம் ஆண்டு வன்செயலும் மலையகத் தொழிலாளரை இம்மண்ணுக்குத் துரத்திவந்தபோது, அவர்களுக்குக் காடு வெட்டிக் குடியேறத் துணைநின்றது காந்தீயம் இயக்கம். மருத்துவர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் முன்னின்று நடத்திய அவ்வியக்கம், குடியிருப்புகளிலே பாலர் பாடசாலைகளையும் தொடக்கியது. அதற்குக் கிடைத்த பரிசு என்ன? 1983 இல் இருவரும் சிறையிலிடப்பட்டனர். அவ்வாண்டு யூலை 27 ஆம் நாள் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். இம்மண்ணிலே ஒரு பாலர் வகுப்புக்கும்கூட விலை கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதை நாம் மறத்தலாகாது.

பின்னர் வந்த யுத்தம் பாடசாலையின் பொருளையே மாற்றிவிட்டது. ஊர் பெயரும்போது பாடசாலை ஓர் இரவுத் தங்குமிடமாயிற்று. பின் அகதி முகாமாயிற்று. சில இடங்களில் படைமுகாமும் ஆயிற்று. 2009 இல் வவுனியாப் பாடசாலைகள் பலவற்றில் கரும்பலகைக்குக் கீழே குடும்பங்கள் படுத்துறங்கின. பூவரசங்குளத்தைக் கடந்து அதே வீதியால் செட்டிகுளம் பக்கம் போனால், இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்டிருந்த மெனிக் பாம். அதன் கடைசிக் குடும்பங்கள் வெளியேறியது 2012 செப்ரெம்பரில். அங்கும் மரநிழலிலும் கூடாரத்திலும் பிள்ளைகள் படித்தார்கள், பரீட்சையும் எழுதினார்கள். சுவரில்லாத இடத்தில் பள்ளி நடத்திய மக்களுக்கு, இன்று சுவர் இருந்தும் பள்ளி இல்லை என்ற நிலை சில ஊர்களில் வந்திருப்பது எத்தகைய முரண்!

மூடலுக்கான காரணங்களை நாம் அறிவோம். பெயர்ந்தோர் எல்லோரும் திரும்பவில்லை. பிறப்பு வீதம் குறைகிறது. கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஆசிரியரில்லாத சிற்றூர்ப் பாடசாலையை விட்டு, வசதியுள்ளவர் பிள்ளையை நகரப் பாடசாலைக்கு அனுப்புகிறார்; வசதியற்றவரின் பிள்ளை மட்டும் எஞ்சுகிறது. ஆசிரியர் இல்லாததால் மாணவர் குறைகின்றனர். மாணவர் குறைந்ததால் ஆசிரியர் எடுக்கப்படுகின்றனர். இந்தச் செக்கு சுற்றிச் சுற்றிக் கடைசியில் பிழிந்தெடுப்பது கூலிக்காரரின் பிள்ளையைத்தான். ஆகவே நாம் முதலில் கேட்பது கலைநிலையம் அன்று, ஆசிரியர். பத்துப் பிள்ளைகள் எஞ்சியிருக்கும் இடத்தில் பள்ளியே நடக்கட்டும். தமிழ்நாட்டில் 2019 இல், பிள்ளைகளே சேராத நாற்பதுக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளை நூலகங்களாக்க அரசு முன்வந்தபோது, ஆசிரியர் சங்கங்கள் எதிர்ப்புக் குரல் எழுப்பியதன் நியாயம் இதுவே. நூலகம் நல்லதுதான், ஆனால் பள்ளியை மூடியதன் மேல் போர்த்தும் போர்வையாக நூலகமும் ஆகிவிடக் கூடாது, கலையும் ஆகிவிடக் கூடாது.

ஆயினும் பிள்ளைகளே இல்லாத இடத்தில் என்ன செய்வது? பூவரசங்குளத்திலிருந்து உள்ளே போகும் கிரவல் வீதி ஒன்றின் ஓரத்தில் அப்படியொரு கட்டடத்தை நாம் பார்த்தோம். இரண்டு அறைகளும் ஒரு மண்டபமும். ஓடுகள் விழத் தொடங்கியிருந்தன. முற்றத்தில் ஆடுகள் நின்றன. சுவரிலே யாரோ ஓர் ஆசிரியர் வரைந்த உடலுறுப்புப் படமும் பெருக்கல் வாய்பாடும் இன்னும் அழியாமல் இருந்தன. இன்னும் இரண்டு மாரி போனால் அவையும் அழிந்துவிடும்.

உலகில் வேறோர் இடத்தில் இதே கேள்விக்கு மக்கள் என்ன விடை கண்டார்கள் என்று பார்ப்பது பயன் தரும். யப்பானில் பிள்ளைகள் குறைந்து ஆயிரக்கணக்கான பள்ளிகள் மூடப்பட்டிருக்கின்றன. கியோத்தோ நகரில் 1869 ஆம் ஆண்டிலேயே, நாடு முழுவதற்குமான கல்விச் சட்டம் வருவதற்கு முன்னரே, நகரமாந்தர் தம் பணத்தைத் திரட்டி 64 தொடக்கப் பள்ளிகளைக் கட்டினார்கள். அவற்றுள் ஒன்றான மெய்ரின் பள்ளி 1993 இல் மூடப்பட்டது. அதை இடித்து விற்கவில்லை. 2000 ஆம் ஆண்டு அது நகரின் கலைநிலையமாயிற்று. வகுப்பறைகளில் கலைஞர் வேலை செய்கின்றனர். நீகாத்தா மாநிலத்தின் மலைக்கிராமம் ஒன்றில் 2005 இல் மூடப்பட்ட சனதா பள்ளியில் கடைசியாக எஞ்சியிருந்தோர் மூன்று பிள்ளைகள். ஓவியர் தஷிமா செய்சோ, கரையொதுங்கிய கட்டைகளையும் காய்களையும் கொண்டு அம்மூன்று பிள்ளைகளையும் கதைமாந்தராக்கி, பள்ளி முழுவதையும் ஒரு படக்கதையாக்கினார். 2009 முதல் அது திறந்திருக்கிறது. வெளியூரார் பார்க்க வருகின்றனர். ஊரார் அதில் வேலை செய்கின்றனர்.

நாம் யப்பானைப் பார்த்துப் படியெடுக்க வேண்டுமென்பதில்லை. எம்மிடம் அத்தனை பணமும் இல்லை. அங்கிருந்து கற்க வேண்டியது ஒன்றுதான். தாம் கட்டியது தம்முடையது என்று மக்கள் கருதிய இடத்தில், பள்ளி மூடினாலும் கதவு மூடவில்லை. கலையைப் பொறுத்தவரை எமக்குக் கடன் வாங்கவேண்டிய தேவையுமில்லை. வற்றாப்பளைக் கண்ணகியின் வைகாசிப் பொங்கலோடு சேர்ந்து வாழ்ந்த கோவலன் கூத்து வன்னியின் சொத்து. காத்தவராயன் கூத்துக்கு விடிய விடிய விழித்திருக்கும் ஊர்கள் இங்கு உண்டு. மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களின் முதியோர் நினைவில் காமன் கூத்தும் அர்ச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் இருக்கின்றன. இவை மூன்று திசைகளிலிருந்து வந்து ஒரே குளத்தின் நீரைக் குடிக்கும் மக்களின் கலைகள். இவை சந்திக்க இடம் எங்கே?

கோயில் வீதி இருக்கிறதே என்று சிலர் சொல்லக்கூடும். கோயில் வீதியில் யார் ஆடலாம், யார் மத்தளம் தொடலாம், யார் எட்டி நின்று பார்க்க வேண்டும் என்பவை பழைய கணக்குகள். அவற்றைப் பலரும் இன்னும் மறக்கவில்லை. பெண்வேடம் ஆணுக்கே என்ற கட்டும் அங்கே இருந்தது. பாடசாலை முற்றத்திலோ அந்தக் கணக்கு இல்லை. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருந்து படித்த இடம் அது. கூத்தின் வட்டக்களரிக்கு அதைவிடப் பொருத்தமான நிலம் வேறில்லை.

கூத்து பழைமையை மட்டுமே பாடும் என்று கருதுவோருக்கு வரலாறே விடை சொல்லும். 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றைப் பேராதனை மாணவரைக் கொண்டு மேடையேற்றி, படித்தவர் இகழ்ந்த கலையைப் படித்தவர் முன்னே தலைநிமிர வைத்தார். 1969 இல் மௌனகுரு ‘சங்காரம்’ நாடகத்தில் அக்கூத்தின் ஆட்டத்தையே உழைப்பாளரின் போராட்டத்தைச் சொல்லப் பயன்படுத்தினார். வடிவம் பழையது; வயிறு எரியும் விடயம் புதியது. இன்று வன்னியில் கணவனை இழந்த பெண் நுண்கடன்காரன் படலையில் வந்து நிற்கும்போது எங்கே ஒளிவது என்று தவிக்கிறாள். அந்தக் கதையைக் களரியில் ஏற்ற எத்தனை நாள் வேண்டும்? அவளே அதை ஆடுவாளாயின், தவணைக் கொப்பியின் கணக்கை ஊர் கேட்காமல் இருக்க முடியுமா?

வயிற்றுக்கில்லாத இடத்தில் கூத்து எதற்கு என்ற கேள்வியை நாம் ஏளனம் செய்யவில்லை. ஆனால் பசித்தவன் வாய்திறந்து பேசுவதற்கும் ஓர் இடம் வேண்டுமே! யுத்தத்துக்குப் பின் இங்கு கலை என்ற பெயரில் வந்தவை பெரும்பாலும் மூன்று மாதத் திட்டங்கள். பதாகை கட்டினார்கள், பிள்ளைகளுக்கு வர்ணம் கொடுத்தார்கள், படம் பிடித்தார்கள், போய்விட்டார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு ஊர் விடை சொன்னது. ஊர் கேட்க விரும்பிய கேள்விகளுக்கு அங்கே நேரமிருக்கவில்லை. பார்ப்பவராக மட்டும் மக்களை வைத்திருக்கும் கலையால் பூட்டிய கதவு திறக்காது.

செய்யவேண்டியது பெரிய காரியமன்று. ஒரு வகுப்பறையில் வாசிகசாலை. பத்திரிகையும் பாடநூலும் போதும், மாலைகளில் சிறுவர் படிக்க ஒரு விளக்கும் வேண்டும். மற்றதில் மத்தளம், சல்லாரி, உடுப்புகள். கறையான் தின்னாமல் காக்கவேண்டிய அண்ணாவிமாரின் கூத்துக் கொப்பிகள். மண்டபத்தில் சிறுவர் அரங்கும் பெண்களின் தையலும் பன்னவேலையும். காலக்கணக்கை வயல் சொல்லும்: பெரும்போக அறுவடை மாசி பங்குனியில் முடிந்தபின் ஒத்திகை, ஆவணிக்குள் அரங்கேற்றம், மாரி தொடங்கினால் வாசிப்பு. ‘நாடகமும் அரங்கியலும்’ எம் மாணவருக்கு உயர்தரப் பரீட்சைப் பாடமாக இருக்கிறது. புத்தகத்தில் கூத்தைப் படித்துப் புள்ளி பெறும் மாணவர், தம் ஊரில் இருக்கும் அண்ணாவியாரிடம் ஒரு தரு கேட்டு எழுதி வந்தால் என்ன?

எல்லாவற்றுக்கும் முன்னர் திறவுகோல் பற்றிய கேள்வி தீரவேண்டும். கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் சனசமூக நிலையமும் பழைய மாணவரும் சேர்ந்து ஒரு குழுவாகி, வலயக் கல்விப் பணிமனையிடம் எழுத்தில் கேட்க வேண்டும்: கட்டடத்தைக் களஞ்சியத்துக்கோ முகாமுக்கோ கொடாதீர்கள், எம்மிடம் தாருங்கள், அயலில் மீண்டும் பிள்ளைகள் சேரும் நாளில் பாடசாலையாகவே திருப்பித் தருவோம். இந்தக் கடைசி நிபந்தனையே உயிரானது. காணியற்ற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. திரும்பி வரக்கூடியவர்களும் இருக்கின்றனர். வருகிறவர்களுக்கு ஓடு விழுந்த சுவரைக் காட்டுவதா, விளக்கெரியும் ஒரு மண்டபத்தைக் காட்டுவதா?

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! விடுமுறைக்கு ஊர் போகும்போது உங்கள் ஊரின் பூட்டிய பாடசாலையை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். அதன் முதற்கொட்டிலைப் போட்டவர் யார் என்று முதியவரிடம் கேட்டு எழுதுங்கள். திறவுகோல் இப்போது யார் கையில் இருக்கிறதென்று விசாரியுங்கள். அடுத்த சங்கக் கூட்டத்தில் அதை முதல் விடயமாக வையுங்கள். மாரிக்கு முன் ஓடு மாற்றியாக வேண்டும்.