கடைசிப் பந்தி

ஆரணியில் கல்யாணச் சாப்பாட்டை இலைக் கணக்கில்தான் பேசுவார்கள். இலைக்கு இவ்வளவு என்று சமையல்காரர் சொல்வார். எத்தனை இலை என்று வீட்டு ஆண்கள் சொல்வார்கள். இரண்டையும் பெருக்கினால் வாங்க வேண்டிய கடன் தெரிந்துவிடும். பட்டுக்கும் அரிசிக்கும் பேர்போன ஊர் இது. ஊரார் வீட்டு முகூர்த்தத்துக்கெல்லாம் புடவை நெய்கிறவர்கள், தங்கள் வீட்டு முகூர்த்தத்துக்கு வட்டிக்கு வாங்குவதைச் சிறுவயதிலிருந்து பார்த்து வருகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. சாப்பாட்டுச் செலவு இரு வீட்டாருக்கும் பாதிப் பாதி என்று பேச்சு. ஆனால் என்ன போடுவது என்பதை மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களே முடிவு செய்து அனுப்பினார்கள்: 21 வகை, 500 இலை. இலை 280 ரூபாய். மொத்தம் 1,40,000. அண்ணி தன் பங்கை ரூபாயில் எண்ணவில்லை. “இதுக்கு எத்தினி பாவு ஓட்டணும்?” என்று அண்ணனைக் கேட்டார். ஒரு பாவுக்கு மூன்று புடவை. அண்ணன் தறியில் உட்காரும் முன்பே அண்ணி தார் சுற்ற உட்கார்ந்திருப்பார். கூலி அண்ணன் பேருக்குத்தான் வரும்.

வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இல் வந்தது. மணமக்களுக்குக் கொடுக்கும் பொருள்களைப் பட்டியல் எழுதி வைக்க வேண்டும் என்று 1985ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. நகையும் பாத்திரமும் அதில் ஏறும். சாப்பிட்டு மடக்கிய இலை எந்தப் பட்டியலிலும் ஏறாது. புரோகிதர் இல்லாமல், மாலை மாற்றிக்கொண்டாலே திருமணம் செல்லும் என்று 1967இல் அண்ணா ஆட்சியில் சட்டம் திருத்தினோம். சடங்கைச் சுருக்க முடிந்த நம்மால் பந்தியைச் சுருக்க முடியவில்லை. கறுப்புச் சட்டைக்காரர் வீட்டுக் கல்யாணத்திலும் நான் 21 வகை சாப்பிட்டிருக்கிறேன்.

“அதுதானே மரபு” என்றார் உறவினர் ஒருவர். தமிழ் வாத்தியாரிடம் மரபு பேசினால் அகநானூற்றை எடுக்காமல் இருப்பேனா? 86ஆம் பாட்டின் கல்யாணத்தில் உளுந்து சேர்த்துக் குழைய வெந்த சோறு. 136ஆம் பாட்டில் இறைச்சியும் நெய்யும் சேர்ந்த வெண்சோறு. ஒரு கல்யாணத்துக்கு ஒரு சோறுதான் பேசப்படுகிறது. 86இல் மணமகளை நீராட்டுகிறவர்களும் பெண்களே. அவர்கள் மகனைப் பெற்றவர்களாக இருக்க வேண்டியிருப்பதில் எனக்கு வருத்தம் உண்டு. அது வேறு கட்டுரை. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். பக்கத்து ஆம்பூர், வாணியம்பாடி முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் பிரியாணி, கத்தரிக்காய், தயிர் வெங்காயம், ஓர் இனிப்பு. குறை சொல்லி எழுந்தவரை நான் கண்டதில்லை.

ஆனால் கணக்கை மாற்றியது என் வாதம் அல்ல, கல்யாணப் பெண் கேட்ட கேள்வி. “அத்தை, அம்மா எந்தப் பந்தியில சாப்பிடுவாங்க?”

யாரும் பதில் சொல்லவில்லை. பதில் எல்லோருக்கும் தெரியும். பந்திக்கு முந்து என்ற பழமொழி வீட்டுப் பெண்ணுக்குச் சொன்னதல்ல. வந்தவர்களைக் கவனித்து, மொய் எழுதுமிடத்தில் நின்று, சம்பந்தி வீட்டாரை உபசரித்து, மூன்று மணிக்கு அவள் உட்காரும்போது பாயசம் தீர்ந்திருக்கும். வடை தீர்ந்திருக்கும். ரசத்தில் வெந்நீர் சேர்ந்திருக்கும். 21 வகைக்குக் கடன்பட்டவள் ரசஞ்சோறு சாப்பிடுவாள்.

அவள் ஒரு தாளில் பெயர்களை எழுதத் தொடங்கினாள். காய் நறுக்கும் பெண்கள், பாத்திரம் தேய்க்கிறவர்கள், இலை எடுக்கிறவர்கள், மேளக்காரர், வேன் ஓட்டுநர், பாவு பிணைக்க வரும் பக்கத்துத் தெரு அக்கா. 500இல் இவர்களில் ஒருவரும் இல்லை. பெயர்கள் நூறைத் தொட்டன.

பிறகு சமையல்காரரிடம் பேசினோம். இரண்டாவது இனிப்பு, குருமாவோடு சப்பாத்தி, கோபி மஞ்சூரியன், ஐஸ்கிரீம், பீடா என்று ஒன்பதை எடுத்தோம். இனிப்பு, வடை, பொரியல், கூட்டு, வறுவல், சோறு, சாம்பார், ரசம், மோர், பாயசம், அப்பளம், ஊறுகாய் நின்றன. 12 வகை, இலை 190 ரூபாய். 600 இலைக்கு 1,14,000. நூறு பேர் கூடுதலாகச் சாப்பிட்டும் 26,000 மிச்சம்.

“பேர் கெட்டுடும்மா” என்று அண்ணி பயந்தார். சம்பந்தியம்மாவிடம் நானே போனில் பேசினேன். தாளில் இருந்ததை வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “எம் பெரிய பொண்ணு கல்யாணத்துல நான் மோருஞ்சோறுதாம்மா சாப்பிட்டேன். ஐஸ்கிரீம் போட்டாங்களாம், நான் பாக்கல” என்றார். அவர் வீட்டு ஆண்களிடம் அவரே பேசிக்கொண்டார்.

கல்யாணத்தன்று இரண்டாம் பந்தியில் இரண்டு அம்மாக்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். “பொம்பளைங்க உக்காந்துட்டா யாரு கவனிக்கறது?” என்று ஒரு பெரியவர் கேட்டார். மாப்பிள்ளையின் தம்பி சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தான். இரண்டாம் முறை பாயசம் கேட்க அண்ணிக்குக் கூச்சமாக இருந்தது. அதனால் சம்பந்தியம்மா கேட்டார்.

வகுப்பு முடிந்ததும் தங்கள் வீட்டுக் கல்யாணச் செலவைப் பற்றிப் பேச வரும் மாணவிகளிடம் இதைச் சொல்கிறேன். வகைகளை எழுதும் முன் சாப்பிடப் போகிறவர்களின் பெயர்களை எழுதுங்கள். அடுப்படியில் இருப்பவர்களிலிருந்து தொடங்குங்கள். அம்மாவுக்கு எந்தப் பந்தி என்று அப்பாவைக் கேளுங்கள்.

இலை எடுத்த பெண்கள் மட்டும் அன்றும் கடைசிப் பந்தியில்தான் சாப்பிட்டார்கள். அவர்களுக்கும் பாயசம் இருந்தது, வடை இருந்தது. ஆனால் அவர்கள் சாப்பிட்ட இலையை அவர்களே எடுத்தார்கள். அண்ணனின் இரண்டாவது மகளுக்கு இப்போது மாப்பிள்ளை பார்க்கிறார்கள். இந்த முறை அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.