ஆயா சொன்ன பால்வாடி

தென்னேரியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் கட்டடத்தின் சுவரில் ‘அங்கன்வாடி மையம்’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. ஊரில் அந்தச் சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. “புள்ள பால்வாடிக்குப் போயிருக்குது”, “பால்வாடி டீச்சர் வந்துட்டாங்களா” என்றுதான் பேச்சு. என் அண்ணன் மகளைக் காலையில் அங்கே கொண்டுபோய் விடுவது சில மாதங்களாக என் வேலை. ஒருநாள் போகும் வழியில் கேட்டாள்: “சித்தப்பா, பால்வாடின்றாங்க, பாலே குடுக்க மாட்றாங்களே?”

சத்துமாவு உருண்டை உண்டு, கலவை சாதம் உண்டு, முட்டை உண்டு. பால் இல்லைதான்.

பதிலுக்கு அவளை என் ஆயாவிடம் அழைத்துப் போனேன். எங்கள் பக்கத்தில் ஆயா என்றால் பாட்டி. பால்வாடியில் சமைத்து, பிள்ளைகளைத் தூக்கி இறக்கும் உதவியாளரும் ஆயாதான். என் ஆயா யோசிக்கவே இல்லை. “அப்போ பவுடர் பாலு கலக்கிக் குடுத்தாங்க. அதான் பால்வாடி.”

கேள்வி கேட்டவளுக்கு அது போதுமாக இருந்தது. எனக்கும் கொஞ்ச காலம் போதுமாக இருந்தது. காமராசர் காலத்து மதிய உணவுக்கு 1961 முதல் ‘கேர்’ நிறுவனம் பால்பவுடர் முதலான பொருள்களைக் கொடுத்தது ஊரறிந்த செய்தி. பால் வந்தது, பால்வாடி ஆனது என்று கணக்கு நேராகவே தோன்றியது.

உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காக மும்பை தாராவிக்குப் போனபோதுதான் அந்தக் கணக்கு பிசகியது. சந்து முனையில் ஒரு மராத்திப் பலகை. என்ன எழுதியிருக்கிறது என்று அங்கேயே பிறந்து வளர்ந்த மாமா மகனிடம் கேட்டேன். “பால்வாடி” என்றான். ஆனால் முதல் எழுத்தை ‘பாலகன்’ என்கிறபோது வரும் ஒலியில் சொன்னான். நான் அப்படியே நின்றுவிட்டேன். நமக்கு இரண்டு ஒலிக்கும் ஒரே ‘ப’தான். காதில் குழந்தையாக வந்த சொல், தமிழ் எழுத்தில் ஏறியதும் பாலாகிவிட்டது!

ஊர் திரும்பியதும் அகராதியைப் புரட்டினேன். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதியில் ‘வாடி’ இருக்கிறது. தோட்டம், அடைப்பிடம் என்று பொருள். அகராதி பார்க்காமலே தெரிந்திருக்க வேண்டியதுதான். மரவாடியும் விறகுவாடியும் நம் தெருக்களில் இருப்பவை. மராத்தியிலும் குஜராத்தியிலும் வாடிக்குத் தோட்டம் என்ற பொருள் உண்டு. அப்படியானால் பாலவாடி என்பது குழந்தைகளின் தோட்டம். ஜெர்மனியில் ஃபிரோபெல் 1840இல் தம் பள்ளிக்குச் சூட்டிய ‘கிண்டர்கார்டன்’ என்ற பெயருக்கும் அதே பொருள்தான். சுவரில் எழுதியிருக்கும் ‘அங்கன்’ முற்றம். நம்மிடம் அது ‘அங்கணம்’. திருக்குறளில்கூட வருகிற சொல். யாரும் உச்சரிக்காத அந்த அரசுப் பெயர், பிரித்துப் பார்த்தால் நம் வீட்டு முற்றமாக இருந்தது.

சரி, முற்றத்தில் தோட்டம் போட்டது யார்?

தேடிப் போனால் குஜராத்தின் பாவ்நகர் வருகிறது. கிஜுபாய் பதேக்கா என்ற வழக்கறிஞர் தொழிலை விட்டுவிட்டு 1920இல் அங்கே பால மந்திர் என்ற குழந்தைகள் பள்ளியைத் தொடங்கினார். குஜராத்தில் அவரை ‘மீசை வைத்த அம்மா’ என்று அழைத்தார்கள். 1923இல் அவரோடு வந்து சேர்ந்தவர் தாராபாய் மோடக். ராஜ்கோட்டில் பெண் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதல்வராக இருந்தவர். இருவரும் மாண்டிசோரி முறையை நம் நாட்டுக்கு ஏற்றபடி மாற்றப் பாடுபட்டார்கள். மாண்டிசோரி அம்மையாரே 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஆனால் அந்த முறைக்கு வேண்டிய மரச் சாமான்களின் விலை ஏழைப் பள்ளிக்குக் கட்டாது.

தாராபாய் 1945இல் மகாராஷ்டிரக் கடற்கரையில் உள்ள போர்டி கிராமத்துக்குப் போனார். கூடவே அனுதாய் வாக். பதின்மூன்று வயதில் மணமாகி, சில மாதங்களிலேயே கணவரை இழந்து, பிறகு படித்து ஆசிரியரானவர். அவர்கள் தொடங்கிய பாலவாடிக்கு ஊர்ப் பிள்ளைகள் வந்தார்கள். ஒதுக்குப்புறக் குடியிருப்புகளின் ஏழைப் பிள்ளைகள் வரவில்லை. ஆடு மேய்க்க வேண்டும், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், எப்படி வருவார்கள்? அதனால் பள்ளி அவர்களின் முற்றத்துக்குப் போனது. குளிப்பாட்டித் தலைவாரிய பிறகுதான் பாட்டும் கதையும் எண்ணும் எழுத்தும். சிப்பி, விதை, இலை, கூழாங்கல் எல்லாம் பாடக்கருவி ஆயின. அங்கன்வாடி அப்படிப் பிறந்தது. 1957இல் வேலை கோஸ்பாட் குன்றுக்கு மாறியது. அங்கே வார்லிப் பழங்குடிப் பிள்ளைகளுக்காக மேய்ச்சல் நிலத்திலேயே ஒரு பள்ளி நடத்தினார் அனுதாய். ஆடு மேயும், பிள்ளை படிக்கும்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் சுவரில் இருக்கும் பெயரில் இவ்வளவு பேருடைய உழைப்பு இருப்பதை அறியாமலேயே இத்தனை வருஷம் அதைக் கடந்து போயிருக்கிறேன்.

அந்தச் சொல் காஞ்சிபுரம் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர் ஏரிக்கரை வரை வந்த வழியும் ஓரளவு தெரிகிறது. துர்காபாய் தேஷ்முக் தலைமையில் 1953இல் மத்திய சமூக நல வாரியம் அமைந்தது. சென்னையில் ஆந்திர மகிள சபாவை உருவாக்கியவர் அவர். வாரியத்தின் கிராமப் பணிகளில் பால்வாடி முக்கியமானது. பல ஊர்களில் மாதர் சங்கங்கள் அதை ஏற்று நடத்தின. 1972இல் மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு பள்ளி வயதுக்கு முந்திய குழந்தைகள் பற்றி அறிக்கை கொடுத்தது. 1975 அக்டோபர் 2ஆம் தேதி ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் நாடெங்கும் 33 வட்டாரங்களில் தொடங்கியபோது, போர்டியின் அங்கன்வாடி அரசுப் பெயரானது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு, ஊர்களில் இரண்டு வயதுப் பிள்ளைக்கும் சோறு போட்டது. இன்று தமிழ்நாட்டில் 54,000க்கு மேல் மையங்கள். ஆனாலும் சனங்கள் பழைய பெயரை விடவில்லை.

தாராவிப் பலகையை மறுபடி நினைத்துக்கொண்டேன். மும்பையில் 1990களின் நடுவில் ‘பிரதம்’ அமைப்பு, மாநகராட்சியோடும் யுனிசெஃப்போடும் சேர்ந்து குடிசைப் பகுதிகளில் பால்வாடிகளைப் பரப்பியது. கட்டடம் கட்டக் காத்திருக்கவில்லை. அந்தந்தத் தெருப் பெண்களே கற்பித்தார்கள். சொந்த வீட்டு அறை, கோயில் ஓரம், கிடைத்த இடமெல்லாம் வகுப்பு. நம் ஊரிலும் கொரோனாவுக்குப் பிறகு, 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி அப்படித்தான் நடந்தது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் மாலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டியதை நான் பார்த்திருக்கிறேன். சொல்லிக்கொடுத்தது அடுத்த தெருப் பெண்.

கட்டடம் வந்ததில் எனக்குக் குறை இல்லை. சுவரும் கூரையும் கழிப்பறையும் பிள்ளைகளுக்குக் கட்டாயம் வேண்டும். ஆனால் கட்டடம் வந்ததும் ஊரின் கை கொஞ்சம் விலகிவிட்டது. காலையில் விட்டுவிட்டு மதியம் தூக்கிவருகிறோம், அவ்வளவுதான். மூன்று வயதுப் பிள்ளைக்குக் கதை சொல்வதும் படம் காட்டிப் பேசுவதும் ஒரே ஒரு டீச்சர் தலையில் விழுகிறது. அவரோ எடை பார்க்க வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், கர்ப்பிணி வீடுகளுக்கும் போக வேண்டும். எழுத்துக்கு முன்னால் பிள்ளைக்குப் பேச்சு வேண்டும், நிறைய வேண்டும். அதைக் கொடுக்க ஊரில் எத்தனை வாய்கள் சும்மா இருக்கின்றன!

தேடியதையெல்லாம் ஒரு சாயங்காலம் ஆயாவிடம் சொன்னேன். பாலுக்கும் பால்வாடிக்கும் சம்பந்தமில்லை என்றதை அவள் ஏற்கவில்லை. ஆனால் அனுதாய் கதையில் நிறுத்தினாள்.

“அந்தம்மா புள்ளைங்கள குளிப்பாட்டுவாங்களா?”

“ஆமா ஆயா.”

“எங்க டீச்சரும்தான். வாய்க்கா தண்ணியில குளிப்பாட்டி, தலசீவி, அப்பறந்தான் உக்கார வெப்பாங்க. ஒங்கப்பன் அங்கதான் ஆனா போட்டான். களத்துல உமியப் பரப்பி வெரலப் புடிச்சி.”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சென்னை எழும்பூரில் பள்ளி நடத்திய ஆண்ட்ரூ பெல் 1789 வாக்கில் நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்து, அதைத் தம் பள்ளியில் புகுத்தி, பிறகு இங்கிலாந்துக்கும் கொண்டுபோனார் என்று படித்திருக்கிறேன். அதே முறையில் என் அப்பா எழுதிப் படித்தது எனக்குத் தெரியாது.

“எங்க ஆயா நடந்துச்சு? அப்போ கட்டடம் இல்லயே.”

“கட்டடம் ஏது? மழக்காலத்துல நம்ம திண்ணதான். வெயில்ல கோயில் மரத்தடி. ஏரிக்கர ஒடஞ்சா ஊரே கூடி மண்ணு கொட்டுமே, அந்த மாரி. மேலத்தெருவுல ஒருத்தி வெறகு குடுப்பா. பாலு காய்ச்ச அண்டா எங்கம்மா ஊட்டுச் சீரு. பாய் ரெண்டு கெழக்குத் தெருவுலேருந்து வந்துச்சு. கொளத்தங்கர வூட்டுக் கெழவி ஒருத்தி, ஒண்ணும் இல்லாதவ. அவ தெனம் வந்து கத சொல்லிட்டுப் போவா.”

அண்டா இப்போது எங்கே என்று கேட்டேன். பரண் மேல் இருக்கிறதாம்.