இடாப்பில் இருக்கிற பிள்ளையும் இல்லாத பிள்ளையும்



பாடசாலைத் தொகைமதிப்புப் படிவம் வந்துவிட்டால் எங்கள் ஆசிரியர் அறையில் யாருடைய முகத்திலும் சிரிப்பு இருக்காது. தரம் வாரியாக எண்ண வேண்டும், ஆண் பெண் பிரிக்க வேண்டும், வயது பார்க்க வேண்டும். கூட்டுத்தொகை பொருந்தாவிட்டால் மறுபடியும் முதலில் இருந்து. "பாடம் எடுக்கிறதா, படிவம் நிரப்புறதா?" என்று ஒருவர் கேட்பார். அது நியாயமான கேள்விதான். ஆனாலும் அந்தப் படிவம் எங்கே போகிறது, நம்மட பிள்ளைகளுக்கு என்ன செய்கிறது என்பதைப் பெற்றோருக்கு யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

நான் கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்தில் ஒரு விரிவுரையாளர் 'டெவ்இன்போ' என்ற மென்பொருளைப் பற்றிப் படிப்பித்தார். யுனிசெப் 1990களில் பிள்ளைகளின் நிலையைப் பதிய 'சைல்ட்இன்போ' என்ற ஒன்றை உருவாக்கியிருந்தது. அதிலிருந்து வளர்ந்து 2004இல் வந்ததுதான் டெவ்இன்போ. மிலேனிய அபிவிருத்தி இலக்குகளில் ஒவ்வொரு நாடும் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்ப்பதற்காக ஐக்கிய நாடுகள் அதை இலவசமாகக் கொடுத்தது. நாடுகள் அதற்குத் தங்கள் பெயரை வைத்துக்கொண்டன. நேபாளத்தில் நேபாள்இன்போ. நம் நாட்டில் லங்காஇன்போ, தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் கையில் இருந்தது.

என் மனதில் நின்றது அந்த மென்பொருள் இலக்கங்களை வைத்திருந்த முறை. ஓர் இலக்கத்தை மட்டும் தனியாகக் கொடுத்தால் அது ஏற்காது. ஆறு கேள்விக்குப் பதில் வேண்டும். எதைப் பற்றிய இலக்கம்? என்ன அலகில், வீதமா எண்ணிக்கையா? எந்த இடம்? எந்தக் காலம்? யாருடைய இலக்கம், ஆணா பெண்ணா, நகரமா கிராமமா? எங்கிருந்து எடுத்தது? இந்த ஆறும் இருந்தால் எவரும் எடுத்து அட்டவணையாக்கலாம், வரைபடத்தில் நிறம் தீட்டலாம், பக்கத்து மாவட்டத்தோடு ஒப்பிடலாம்.

இதை நம்மட ஊர்ப் பேச்சோடு வைத்துப் பாருங்கள். "நம்மட பொடியன்மார் படிக்கிறாங்க இல்ல" என்று தேநீர்க் கடையிலும் சொல்கிறோம், கூட்டங்களிலும் சொல்கிறோம். எந்த ஊரில்? எத்தனை பேர்? எந்த வயதில்? போன வருடத்தை விடக் கூடவா குறைவா? யார் எண்ணியது? ஒன்றுக்கும் பதில் இல்லை. கவலை உண்மைதான். ஆனால் அந்தக் கவலையைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு காரியாலயத்துக்குப் போக முடியாது.

இலக்கத்துக்கு அந்தப் பலம் உண்டு என்பதை நன்றாகப் புரிந்துகொண்டவர் பாகிஸ்தானியப் பொருளியலாளர் மஹ்பூபுல் ஹக். ஒரு நாட்டின் முன்னேற்றத்தை வருமானத்தை மட்டும் வைத்து அளக்கக்கூடாது, மனிதர் எவ்வளவு காலம் வாழ்கிறார்கள், எவ்வளவு படித்திருக்கிறார்கள் என்பதையும் சேர்க்க வேண்டும் என்று அவர் வாதாடினார். 1990இல் முதலாவது மனித அபிவிருத்தி அறிக்கை வந்தது அவர் தலைமையில்தான். அவருடைய நண்பர் அமர்த்தியா சென், இவ்வளவு பெரிய விசயத்தை ஒரேயொரு இலக்கத்துக்குள் அடக்குவது சரியா என்று முதலில் தயங்கினார். வருமானக் கணக்கோடு போட்டி போட அதேமாதிரி ஒரு இலக்கம் வேண்டும் என்பது ஹக்கின் பதில். மனித அபிவிருத்திச் சுட்டெண் அப்படித்தான் பிறந்தது.

அந்தச் சுட்டெண்ணில் நம் நாடு 2021ஆம் ஆண்டுக்கு 0.782 பெற்று 191 நாடுகளில் 73ஆவது இடத்தில் நின்றது. அது உயர் மனித அபிவிருத்தி என்ற வகுப்பு. இலவசக் கல்வியும் இலவச வைத்தியமும் தந்த பலன், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அது சராசரி. வகுப்பின் சராசரிப் புள்ளி 60 என்றால் எல்லாப் பிள்ளையும் 60 எடுத்ததாக எந்த ஆசிரியரும் நினைக்க மாட்டார்.

நம்மட அம்பாறை மாவட்டத்தையே எடுங்கள். கல்முனையும் சாய்ந்தமருதும் பொத்துவிலும் அதற்குள்தான். உகனவும் மகாஓயாவும் தெஹியத்தகண்டியவும் அதற்குள்தான். கடலோடு வாழ்கிறவர்கள் ஒரு பக்கம், காட்டோரம் யானையோடு போராடுகிறவர்கள் மறுபக்கம். மாவட்ட வரைபடத்தில் இத்தனை பேருக்கும் ஒரே நிறம். அந்த நிறம் யாருடைய நிலையையும் சரியாகச் சொல்லாது. பிரதேச செயலகம், கிராம உத்தியோகத்தர் பிரிவு என்று கீழே இறங்கினால்தான் முகம் தெரியும். கீழே இறங்குவதற்குக் கீழே எண்ணியிருக்க வேண்டும்.

எண்ணாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை நம் மாகாணம் பார்த்திருக்கிறது. 2001 குடிசன மதிப்பு, யுத்தம் காரணமாக, 25 மாவட்டங்களில் 18இல்தான் முழுமையாக நடந்தது. கிழக்கில் அம்பாறை மட்டும் அதற்குள் வந்தது. மட்டக்களப்பும் திருகோணமலையும் வரவில்லை. காத்தான்குடி, ஏறாவூர், மூதூர், கிண்ணியா எல்லாம் அந்த இரண்டு மாவட்டங்களில்தான் இருக்கின்றன. 1981க்குப் பிறகு நாடு முழுவதும் எண்ணப்பட்டது 2012இல்தான். முப்பது வருடத்துக்கு மேல். 1981இல் பிறந்த பிள்ளை தானே பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையும் பாடசாலைக்கு வந்துவிட்டது.

வெற்றுக் கட்டம் வேறு, பூச்சியம் வேறு. பூச்சியம் என்றால் எண்ணிப் பார்த்தோம், இல்லை என்று அர்த்தம். வெற்றுக் கட்டம் என்றால் எண்ணவே இல்லை. ஆனால் ஆசிரியர் நியமனமும் கட்டடமும் பங்கிடுகிற மேசையில் இரண்டுக்கும் கிடைப்பது ஒன்றுதான்.

வெற்றுக் கட்டத்தை எப்போதும் யுத்தம்தான் உண்டாக்குகிறது என்றில்லை. சிலவேளை நாமே உண்டாக்குகிறோம். என்னிடம் படிக்கிற ஒரு பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்பாது. என் வாயைப் பார்த்துத்தான் விளங்கிக்கொள்ளும். படிவத்தில் விசேட தேவையுள்ள பிள்ளைகளைக் குறிக்க வேண்டிய நேரம் உம்மாவை அழைத்துப் பேசினேன்.

"அத மட்டும் எழுதாதீங்க டீச்சர். ஊட்டுல ரெண்டு கொமரு இருக்கு. நாளைக்கு மாப்பிள கேட்டு வாற ஆக்கள் என்ன சொல்லுவாங்க?"

அந்தத் தாயை நான் குறை சொல்ல மாட்டேன். நம்மட சமூகத்தில் பெண்ணைக் கரைசேர்ப்பது என்ன பாடு என்று நமக்குத் தெரியும். அவர் பயந்தது நம்மட நாக்குகளுக்கு. நான் சொன்னது இதுதான்: "ராத்தா, இது மேல போகப் போக புள்ளட பேர் போய்ரும், எண்ணிக்கை மட்டும்தான் நிக்கும். ஊருக்குத் தெரியக்கூடாதெண்டா எண்ட வாயால தெரியாது. ஆனா இந்தப் புள்ளய எழுதாட்டி, இந்த ஊர்ல இப்படி ஒரு புள்ள இல்லண்டுதான் அவங்க நினைப்பாங்க."

மூன்று கிழமை கழித்து வந்தார். "எழுதுங்க டீச்சர். வாப்பாவும் ஓமெண்டுட்டார்." பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காதையும் சோதித்திருந்தார்கள். விசேட கல்வி ஆசிரியர் ஒருவர் எங்கள் பாடசாலைக்கு இன்னும் வரவில்லை. அதை மறைக்க மாட்டேன். ஆனால் அதிபர் வலயக் கல்வி அலுவலகத்தில் பேசும்போது "சில பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்று இழுக்கத் தேவையில்லை. எத்தனை பேர், எந்தத் தரத்தில் என்று சொல்ல முடிகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. தரம் 9, 10 ஆனதும் சில பொடியன்மார் கொழும்பில் கடைக்குப் போய்விடுகிறார்கள். "பேர வெட்டாதீங்க, பேந்து வருவான்" என்று வீட்டில் சொல்வார்கள். பாடசாலைகளுக்கும் எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் ஆளணி குறையும் என்ற பயம் உண்டு. ஆக அவன் இடாப்பில் இருக்கிறான், வகுப்பில் இல்லை. சட்டப்படி 5 முதல் 16 வயது வரை கட்டாயக் கல்வி. கணக்குப்படி அவன் படித்துக்கொண்டிருக்கிறான். அவனைத் தேடி யாரும் போக மாட்டார்கள், ஏனென்றால் கணக்கில் அவன் தொலையவே இல்லை.

டெவ்இன்போவின் காலம் வேறு, இன்றைய நிலை வேறு. மிலேனிய இலக்குகள் 2015உடன் முடிந்து, 2030ஐ நோக்கி 17 நிலைபேறான இலக்குகள் வந்துவிட்டன. மென்பொருள் மாறும், இணையத்தளம் மாறும். அடியில் இருக்கிற வேலை மாறாது. ஒருவர் ஒரு பிள்ளையைப் பார்த்து, உண்மையை எழுத வேண்டும்.

பெற்றோரிடம் என் வேண்டுகோள்: பிள்ளை பாடசாலையை விட்டால் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். பிள்ளைக்குப் பார்வையிலோ கேட்பதிலோ பேச்சிலோ குறை இருந்தால் ஒளிக்காதீர்கள்.

பள்ளிவாசல் நிர்வாகங்களிடம் ஒன்று கேட்கிறேன். சந்தாப் பணத்துக்கு மஹல்லாவில் வீடு வீடாகப் போகிறீர்கள். அந்த நேரம் ஒரு சீ.ஆர். கொப்பியும் எடுத்துப் போங்கள். 16 வயதுக்குக் கீழே படிப்பை விட்ட பிள்ளை இருக்கிறதா என்று கேளுங்கள். பெயர் வேண்டாம். எந்த வீதி, எந்த வயது, ஆணா பெண்ணா, எந்த வருடம் விட்டது, யார் சொன்னது என்று எழுதுங்கள். கணனி தேவையில்லை, ஒரு வெள்ளிக்கிழமை போதும்.

அடுத்த கூட்டத்தில் "நம்மட பொடியன்மார் படிக்கிறாங்க இல்ல" என்று யாராவது எழுந்து சொன்னால், அந்தக் கொப்பியை அவர் கையில் கொடுக்கலாம், இன்ஷா அல்லாஹ்.